பிளீச்சிங் பவுடர் போட்ட கிணறு

“காலரான்னு எழுதுங்க சார்.”

டாக்டர் தணிகாசலம் பேனா மூடியைத் திருகி மூடினார். மேஜைமேல் இறப்புப் பதிவேடு திறந்து கிடந்தது. மணல்மேட்டுக் குப்பத்தில் பத்து நாளில் இறந்த நான்கு பேரின் பெயர்களும் அதில் வரிசையாக இருந்தன. நான்குக்கும் எதிரே ‘வயிற்றுப்போக்கு’ என்று முத்து முத்தாக எழுதியிருந்தார்.

பொது சுகாதார மேற்படிப்பு மாணவர்களான எங்களைக் கிராமப் பயிற்சிக்கு அனுப்பும்போது பேராசிரியர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “போற இடத்துல நீங்க விருந்தாளி. ரெஜிஸ்டரைப் படிங்க, காப்பி எடுங்க. அதுல ஒரு எழுத்தைக்கூட மாத்தச் சொல்லாதீங்க.” இரண்டாம் முறை சொன்னபோது என்னைப் பார்த்துச் சொன்னார். ஆறு பேரில் நான் ஒருத்திதான் பெண். வாய் நீளம் என்ற பெயரும் எனக்குத்தான்.

இது 1973-இல். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே மூன்று மாதம் இருந்து, பொறுப்பு டாக்டரான தணிகாசலத்திடம் சான்றிதழில் கையெழுத்து வாங்கினால்தான் நான் பரீட்சைக்கு உட்கார முடியும். இல்லையென்றால் ஒரு வருடம் போச்சு.

என் அப்பா ரயில்வேயில் கேங்மேன். மணவாள நகரில் எங்கள் தெருவில் பி.யூ.சி. தாண்டிய முதல் ஆள் நான். டாக்டர் படிப்பை முடித்ததும் தெருவே என்னிடம் ஊசி போட்டுக்கொள்ளக் காத்திருந்தது. நான் போய் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். “ஊசி போடாத டாக்டரா? அப்புறம் இன்னாத்துக்குடி இம்மாம் படிப்பு? கக்கூசு எண்றதுக்கா?” என்று சித்தி சம்பூர்ணம் கேட்டாள். கக்கூசையும்தான் எண்ணுவோம் என்றேன். அன்றிலிருந்து தெருவில் நான் கக்கூசு டாக்டர்.

சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு குழந்தைக்குப் பேதி என்றால் மருந்து கொடுக்கலாம். ஒரே தெருவில் ஏழு குழந்தைகளுக்குப் பேதி என்றால், மருந்துப் பெட்டியை வைத்துவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். அந்த நடைதான் இந்தப் படிப்பு. இதைவிட உயர்ந்த படிப்பு இருப்பதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

அந்த நடையை என்னைவிட நன்றாக நடந்தவள் ஆரோக்கியமேரி. அந்த நிலையத்தின் நர்ஸ். என்னைவிட மூன்று வயது சின்னவள். அவள் வீட்டில் எல்லாரும் அண்டை அயல் வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த வயல்களில் இப்போது கம்பெனிக்காரர்கள் கல் நட்டு அளந்துகொண்டிருந்தார்கள். மேரி பத்தாவது முடித்து, இரண்டு வருடம் நர்ஸ் பயிற்சி எடுத்து, நாலு வருடமாகத் தற்காலிக வேலையில் இருந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் ஏறி, வாரத்துக்கு மூன்று தடவை குப்பத்துக்குப் போய்வருவாள்.

குப்பத்தில் முதலில் விழுந்தவன் நாகமுத்து. ஆந்திர எல்லையில் தடாப் பக்கம் மீன் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பியவன், இரண்டே நாளில் செத்துப்போனான். அதன் பிறகு வீடு வீடாகப் பேதி. நான் கல்லூரியில் அச்சடித்துக் கொடுத்த கேள்வித்தாள்களோடு இறங்கினேன். குடிநீர்: கிணறு, குளம், குழாய். மூன்று கட்டம். ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். பெண்கள் “ஊத்துத் தண்ணி” என்றார்கள். மண்ணைத் தோண்டித்தானே எடுக்கிறார்கள் என்று நானும் ‘கிணறு’ கட்டத்தில் டிக் போட்டேன். முப்பத்தெட்டு வீடு, முப்பத்தெட்டு டிக். குப்பத்தில் இருந்தது ஒரே ஒரு அரசாங்கக் கிணறு. ஆகக் குற்றவாளி கிணறுதான் என்று முடிவுகட்டி, தினமும் இரண்டு மடங்கு பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னேன். டாக்டரும் சந்தோஷமாகப் போட்டார். கிணற்றுக்கு மருந்து போட்டாயிற்று என்று தினமும் பதிவேட்டில் ஏறியது. பேதியும் தினமும் ஏறியது.

நான்காவது நாள், கிணற்றை நடுவில் வைத்து நான் வரைந்திருந்த குப்பத்து வரைபடத்தை மேரியிடம் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“டாக்டரம்மா, அந்தக் கிணத்துத் தண்ணில மாடுகூட வாய் வெக்காது. சுத்த உப்பு. கட்டின நாள்லேந்து யாரும் குடிச்சதில்ல.”

“அப்புறம் இன்னாத்துக்கு மருந்து போட்டுக்கினு இருக்கோம்?”

“நீங்க சொன்னீங்க, போடறோம்.”

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் அல்ல. முப்பத்தெட்டு வீட்டிலும் “ஊத்து” என்ற பதில் என் காதில் விழுந்திருக்கிறது. கேள்வித்தாளில் அதற்குக் கட்டம் இல்லை என்பதற்காகக் காதை மூடிக்கொண்டிருக்கிறேன்.

மேரி குடும்பக் கட்டுப்பாட்டுப் போஸ்டர் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் படம் வரைந்தாள். மணல் மேட்டில் இடுப்பளவு தோண்டினால் நல்ல தண்ணீர் சுரக்கும். அதுதான் ஊற்று. நாலைந்து வீட்டுக்கு ஒன்று என்று மொத்தம் ஒன்பது ஊற்று. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், மூன்று நாள் அந்த வீட்டார் தங்கள் ஊற்றில் இறங்க மாட்டார்கள். மருமகளின் தாய் வீட்டு ஊற்றிலிருந்துதான் தண்ணீர் வர வேண்டும். துக்கத்துக்கு வந்தவர்களும் அதைத்தான் குடிப்பார்கள். செத்தவன் துணியைத் துவைப்பதும் அதே ஊற்று ஓரத்தில்தான். ஏரித் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. துவைத்த தண்ணீர் மணலில் இறங்கித் திரும்ப ஊற்றுக்கே வரும்.

சிவப்புப் பென்சிலால் நோய் வந்த வீடுகளுக்குப் புள்ளி வைத்தாள். பதினொரு வீடு. அதில் தினமும் மொண்ட வீடுகள், துக்கத்துக்கு வந்து குடித்த வீடுகள் என்று ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கோடு இழுத்தாள்; பதினொன்றும் நாகமுத்துவின் மாமியார் வீட்டு ஊற்றில் போய் நின்றன. மற்ற எட்டு ஊற்றுக்கும் ஒரு கோடுகூடப் போகவில்லை. பெரிய பெரிய புத்தகங்களில் மடித்து ஒட்டியிருக்கும் வரைபடங்களைப் பார்த்து வியந்திருக்கிறேன். அவை எதற்கும் இது இளைத்ததல்ல.

அதோடு விட்டாளா? குப்பத்துப் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுதத் தெரியாது. வீட்டில் யாருக்கு எத்தனை தடவை போகிறதோ அத்தனை கரிக்கோடு சுவரில் போடச் சொன்னாள். எட்டுக் கோடு தாண்டினால் பேச்சே கிடையாது, படகில் ஏற்றி சலைன் போட அனுப்ப வேண்டும். அதுவரை உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், டம்ளர் டம்ளராக. அவள் அங்கே போய் உட்காருவதற்கு முன் செத்தவர்கள் மூன்று பேர். உட்கார்ந்த பிறகு ஒரே ஒருவர்.

இவ்வளவையும் தணிகாசலம் முன்னால் கொட்டிவிட்டுத்தான் காலரா என்று எழுதச் சொன்னேன். மேரி கதவோரம் நின்றிருந்தாள்.

“உக்காரும்மா ரத்னா” என்றார்.

“நின்னுக்கினே பேசறேன் சார்.”

அவர் கெட்டவர் அல்ல. ஜீப் ஓடாத நாளில் சைக்கிளில் பிரசவத்துக்குப் போகிறவர். முந்தின வருடம் ஒரு முறை காலரா என்று எழுதி, மேலிடத்திலிருந்து மெமோ வாங்கியவர்.

“காலரான்னு எழுதினா இன்னா ஆவும் தெரியுமா? மெட்ராஸ்லேந்து போன் மேல போன் வரும். ‘ஒரு கிணத்துக்கு மருந்து போட வக்கில்லையா’ன்னு கேப்பாங்க.”

“கிணத்துக்குப் போட்டீங்க சார். ஊத்துக்குத்தான் போடல.”

“போட வெச்சது யாரு? நீதானே?”

“நான்தான். அதையும் எழுதுங்க. மருந்துக்காரங்க வந்து ஒம்போது ஊத்தையும் பார்க்கட்டும். தடுப்பூசி வரட்டும், சலைன் வரட்டும். வயித்துப்போக்குன்னு எழுதினா ஒரு டப்பா மாத்திரை வரும், அவ்வளவுதான். காலையில இன்னும் ரெண்டு வீட்டுச் சுவத்துல கரிக்கோடு விழுந்திருக்குது.”

“குப்பத்துக்காரங்களைப் பத்தி யோசிச்சியா? காலரான்னா மீஞ்சூர் சந்தையில அவங்க மீனை எவன் தொடுவான்?”

நான் கதவோரம் திரும்பிப் பார்த்தேன். மேரி ஓரடி முன்னால் வந்தாள்.

“கேட்டுட்டேன் சார். நாகமுத்து அம்மா தாயாரம்மாதான் சொன்னாங்க. ‘எழுதிக்கோம்மா, ஒரு மாசம் மீன் விக்கலன்னா கருவாடு போடறோம், வெயிலுக்கா பஞ்சம்’னாங்க.”

“உன்னை யாரு கேட்டா? வேலை போச்சுன்னா தெரியும்.”

“பர்மனென்ட்டே ஆவல சார். போறதுக்கு இன்னா இருக்குது?”

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று அடக்கிக்கொண்டார். இழுப்பறையைத் திறந்து என் சான்றிதழை எடுத்து, மளமளவென்று கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தி, என் பக்கம் திருப்பிவைத்து, அதன்மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டார்.

“மூணு மாசம் முடிய இன்னும் ஒம்போது நாள் இருக்குது. பரவால்ல. இன்னிக்கே எடுத்துக்கினு கிளம்பு. தீசிஸ்லயும் வயித்துப்போக்குன்னே எழுதிடு. உங்கப்பா தண்டவாளத்துல முதுகொடிஞ்சு படிக்க வெச்சவரு. அவரை நினைச்சுக்கோ.”

நினைத்தேன். பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்று அப்பா காலண்டரில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவை எடுத்துப் பேசியதில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மேரி, குப்பி எத்தனை தேறிச்சு?”

“ஏழு, டாக்டரம்மா.”

நோயாளிகளின் மலத்தில் தோய்த்த பஞ்சுக்குச்சிகளை உப்புக் கரைசல் குப்பிகளில் இறக்கி, பெயர் ஒட்டி, வைக்கோல் வைத்துக் கதவோரம் ஒரு கூடையில் அடுக்கியிருந்தாள். சென்னையில் ஆய்வகத்தில் கொடுத்தால் இரண்டு நாளில் சொல்லிவிடுவார்கள்.

“அதை என் ஆபீஸ் மூலமாத்தான் அனுப்பணும்” என்றார் தணிகாசலம்.

“உங்க ரெஜிஸ்டர் உங்களோடது சார். நான் அதைத் தொடல. ஆனா காலரான்னு சந்தேகம் வந்தா தகவல் குடுக்கறது எல்லா டாக்டருக்கும் கடமை. எனக்கும் பதிவு நம்பர் இருக்குது. என் பேர்ல குடுக்கறேன். ஊத்தைக் கண்டுபிடிச்சது ஆரோக்கியமேரின்னும் அதுலயே எழுதறேன்.”

“கூடையோட வாசல் தாண்டினா இது கிழிஞ்சிடும்.” உள்ளங்கைக்கு அடியிலிருந்த தாளைத் தூக்கிக் காட்டினார்.

“நல்லா கிழிங்க சார். நான் அடுத்த வருஷம் எழுதிக்கறேன்.”

அவர் கிழிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. மேரி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு படகுத்துறைக்குக் கிளம்பினாள். எட்டுக் கோடு தாண்டியவர்கள் யாராவது அங்கே காத்திருப்பார்கள். கும்மிடிப்பூண்டியில் பாசஞ்சர் வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “ரத்னா, நில்லும்மா” என்ற குரல் முதுகுக்குப் பின்னால் கேட்கக் கேட்க, படியிறங்கி வெயிலில் நடந்தேன்.