ஏரியலுக்குப் போட்ட மாலை

எண்ணூர் முகத்துவாரத்தில் நின்ற அந்த இரும்புப் பெட்டிக்கு வேலை ஒன்றுதான். தண்ணீர் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று கால் மணிக்கொரு தரம் ரேடியோவில் ராயபுரம் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு பேனா தானாகக் கோடு போடும். பெட்டி வந்த நாளிலிருந்து மிதவையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டியதும், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியதும், கம்பத்தின் உச்சியில் ஏரியல் கம்பியைத் தாங்கும் பீங்கான்மேல் படிந்த உப்பைத் துடைத்ததும் பரசுராமன். துடைக்காவிட்டால் கரண்டு ஏரியலில் நிற்காது. இரும்புக் கம்பம் வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும். இன்ஜினியர் கிருஷ்ணப்பன் செய்தது, நாற்காலி போட்டு உட்கார்ந்தது.

ஆயுத பூஜையன்றுதான் அவர் ஒரு வேலை செய்தார். ஆளுயரச் சம்பங்கி மாலை, நடுவே ஜிகினாச் சரடு. அதைத் தொரட்டியில் மாட்டித் தன் கையாலேயே ஏரியல் கம்பிமேல் போட்டார்.

“சார், ஜிகினா கம்பத்துல இட்ச்சிக்கினு கீது. தூறல் வேற. கரண்டு எறங்கிடும் சார்.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா? நாளைக்குப் புனர்பூஜை முடியற வரைக்கும் எவனும் கை வைக்கக் கூடாது. சாஸ்திரம்!”

விடிந்ததும் ராயபுரத்திலிருந்து சைக்கிளில் ஆள் வந்தான். நேற்று மதியத்திலிருந்து எந்தச் சேதியும் வரவில்லையாம். பெரிய ஆபீசர் பத்து மணிக்கு ஜீப்பில் வருகிறாராம்.

கிருஷ்ணப்பன் பெட்டிக்குள் இருந்த ரேடியோ வால்வை மாற்றினார். பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்து வேறு பேட்டரி பூட்டினார். சேதி போனால் ஆட வேண்டிய பெட்டியின் முள் ஆடவில்லை. பரசுராமன் பக்கம் திரும்பினார்.

“பேட்டரிக்குத் தண்ணி ஊத்தாம விட்டது நீதான். ஆபீசர்கிட்ட அப்படித்தான் சொல்லப்போறேன். இன்னையோட உன் சீட்டு கிழிஞ்சுது.”

இன்னும் ஒரு மாதம் போனால் பரசுராமன் பர்மனென்ட். எட்டு வருஷமாகத் தினக்கூலி. பயத்தை அருவருப்பு முந்திக்கொண்டது. வால்வுக்கெல்லாம் பெயர் சொல்லத் தெரிந்த ஆளுக்குத் தலைக்குமேல் தொங்கும் மாலை தெரியவில்லை.

“மாலய எடு சார், முள்ளு தானா ஆடும்.”

கிருஷ்ணப்பன் அண்ணாந்து பார்த்தார். புரிந்துவிட்டது.

“சரி, ஏறி எடு. சீக்கிரம்.”

“நானா? இன்னும் பூஜ முடியலியே சார். சாஸ்திரம் இன்னா ஆவறது?”

“டேய், விளையாடாதே!”

“இப்பத்தானே நைனா என் சீட்ட கிழிச்சே? சீட்டு கிழிஞ்சவன் கவர்மெண்டு கம்பத்துல ஏறலாமா?”

தொரட்டியால் இழுத்துப் பார்த்தார். ராத்திரிக் காற்றில் ஜிகினா கம்பியைச் சுற்றி இறுகியிருந்தது. தூரத்தில் ஜீப் உறுமியது. பெட்டியின் சுவிட்சை அணைத்தார், பூட்ஸைக் கழற்றினார், வெள்ளைப் பேண்டோடு கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஏறினார். பத்தடி. அதற்கு மேலேயும் போகத் தெரியவில்லை, கீழேயும் வரத் தெரியவில்லை.

ஆபீசர் இறங்கினார். “யாருய்யா அது மேல?”

“நம்ம இன்ஜினியரு சார். நேத்து போட்ட மாலய எடுக்கறாரு.”

“பேட்டரில தண்ணியே இல்ல சார்! இவன்தான்…” என்று மேலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

வெளியே கிடந்த பேட்டரியின் மூடியை ஆபீசர் திருகினார். தண்ணீர் கழுத்துவரை நின்றது. மறுபடி மேலே பார்த்தார்.

“ஏரியல்ல மாலையா? கர்மம். நீ ஏறி எடுய்யா.”

“எடுக்கறேன் சார்,” என்றான் பரசுராமன். “மொதல்ல வழில கீறவர எறக்கணும்.”