பளபளவென்று ஒரு பலகை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் நான். எதில் விரல் ரேகை பட்டிருந்தாலும் கை பரபரக்கும், துடைத்துவிடுவேன். என் மகள் வாலு, குப்புறப் படுத்து அலையில் சறுக்கும் பாடிபோர்டு ஒன்றை வாங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரே பயம். கடலை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பலகையையாவது கவனிக்கலாம் அல்லவா?

அவள் கரையேறி வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவுவேன். வெயில் பட்டால் உப்பிக்கொள்ளும் என்று நிழலில் படுக்கப் போடுவேன். மணிக்கட்டில் மாட்டும் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்ப்பேன். மேல்பக்கம் மட்டும் எப்போதும் பிசுபிசுவென்று ஓர் அழுக்கு. நான் விடுவேனா? வெந்நீர், சோப்பு, பழைய பிரஷ் எல்லாம் போட்டுத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருவேன்.

இன்று அவளுக்கு முதல் போட்டி. காலையிலேயே பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கடற்கரையில் பலகைகளை வாடகைக்கு விடும் என் மச்சினன், போகிற வழியில் திருகு கழன்ற கண்ணாடியோடு கடைக்குள் நுழைந்தான். திருகை முடுக்கிக்கொண்டே பெருமை அடித்துக்கொண்டேன்.

"நேத்துகூட மேல இருந்த பிசுக்கையெல்லாம் சுரண்டி எடுத்தேன். அவ பையில தேஞ்சுபோன சோப்புத் துண்டு ஒண்ணு கெடந்துது, அதையும் குப்பையில போட்டுட்டேன்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா, அது அழுக்கு இல்ல, மெழுகு. கை வழுக்காம இருக்கத் தடவுறது. நீங்க தூக்கிப் போட்டதும் சோப்பு இல்ல, அந்த மெழுகுக் கட்டிதான். இன்னைக்கு அலை வேற ஆளுயரத்துக்கு வருது."

கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவன் வண்டியின் பின்னால் ஏறினேன். வழியெல்லாம் "சீக்கிரம் போப்பா" என்று அவனை விரட்டிக்கொண்டே இருந்தேன். அவன் கடையில் ஒரு மெழுகுக் கட்டியைப் பிடுங்கிக்கொண்டு மணலில் ஓடினேன்.

போட்டி தொடங்க நேரம் இருந்தது. அவள் பழகிப் பார்க்க இறங்கியிருந்தாள். ஒரு பெரிய அலை அவளைத் தூக்கியது. கை நழுவியது எனக்கே தெரிந்தது. பலகை ஒரு பக்கம் எகிறியது, அவளைக் காணோம். எனக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நுரைக்குள்ளிருந்து அவள் தலை எழும்பியது. கயிற்றை இழுத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்தது.

கரைக்கு வந்தவள் என் கையிலிருந்த கட்டியைப் பார்த்தாள்.

"கட்டியைத் தூக்கிப் போட்டுட்டீங்களாப்பா? பையெல்லாம் தேடினேன்."

"துடைச்சதும் நான்தாம்மா. அது அழுக்குன்னு நெனச்சேன்."

"அது தெரியும். ஒவ்வொரு தடவையும் நீங்க துடைச்சு வைப்பீங்க. நான் இங்க வந்து மறுபடியும் தடவிக்குவேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அப்புறம் எதைத் துடைப்பீங்க? சாப்பாடுகூட இறங்காதே உங்களுக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பலகையை மணலில் வைத்து, முழங்கை படும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தாங்க, நீங்களே தடவுங்க."

தடவினேன். முடித்துவிட்டால் அவள் மறுபடியும் இறங்கிவிடுவாள். மெதுவாகத் தடவினேன்.

"போதும்பா, கூப்பிடுறாங்க."

"இரும்மா, இந்த ஓரம் இன்னும் பாக்கி இருக்கு" என்றேன்.