டிரம்பெட் பெட்டியில் பெய்த பனி

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். குளிரில் நின்ற ஒருவனின் கதை இது.

தெசங்கா வீட்டு டிரம்பெட் பெட்டிக்குள் பதினேழு வருஷம் பனி பெய்தது. செர்பியப் படை அல்பேனிய மலைகளைக் கால்நடையாகக் கடந்த குளிர்காலத்தில், பட்டாளத்து வாத்தியக் குழுவில் இருந்த அவள் கணவன் ரதிசாவ் ஒரு கணவாயில் பின்தங்கிப்போனான். டிரம்பெட்டை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, காலிப் பெட்டியை மட்டும் மேளக்காரன் விதோசாவிடம் கொடுத்தனுப்பினான். போர் முடிந்து விதோசாவ் அதை அவள் மேசையில் வைத்துத் திறந்தபோது, சிவப்பு வெல்வெட்டின் மேல் நாலு விரற்கடைப் பனி கிடந்தது.

"துடைச்சுத் துடைச்சுப் பாத்துட்டேன் தங்கச்சி, நிக்க மாட்டேங்குது" என்றான்.

வாரம் ஒருமுறை தெசங்கா அந்தப் பனியைக் கரண்டியால் அள்ளிப் பிளம் மரத்தடியில் கொட்டினாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனாள். அங்கே மெழுகுவர்த்தி ஏற்ற இரண்டு தட்டுகள்: உயிரோடிருப்பவர்களுக்கு மேலே, இறந்தவர்களுக்குக் கீழே. ரதிசாவுக்கு அவள் மேலேதான் ஏற்றினாள். பெட்டிப் பனியில் கோதுமை மணியளவு காலடித் தடங்கள் இருந்தனவே. நடக்கிறவன் எப்படிச் செத்தவனாவான்?

ஆறாம் வருஷம், இறந்தோர் நினைவுச் சனிக்கிழமையன்று, கொழுந்தன் வூலே, செத்தவர்களுக்குப் படைக்கிற கோதுமையை அண்ணன் பேருக்கு வேகவைத்து, கீழ்த்தட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து அவளிடம் சொன்னான்.

"உங்களுக்கு முப்பதுகூட ஆகல அண்ணி. மாவுமில்காரன் ரெண்டு வருஷமா உங்க வேலியைச் சரிபண்ணிட்டிருக்கான். அதுல சரிபண்ண என்ன இருக்கு? ஊர்லயே கெட்டியான வேலி அதான்."

"வேலி கெட்டியா இருந்தா உனக்கு எங்கடா வலிக்குது?"

பெட்டியைத் திறந்தாள். பனி பெய்வது நின்றிருந்தது. தடங்கள் பெட்டியின் விளிம்பை நோக்கி நேராகப் போய்க்கொண்டிருந்தன. என்னை விட்டுப் போகிறான் என்று பதறித் தேவாலயத்துக்கு ஓடினாள். வூலே ஏற்றிய மெழுகுவர்த்தியைக் கீழ்த்தட்டின் மணலிலிருந்து பிடுங்கி, சுடரை உள்ளங்கையால் மறைத்து, மேல்தட்டில் நட்டாள். வீடு திரும்புவதற்குள் பனி மறுபடி பெய்யத் தொடங்கியிருந்தது.

மாவுமில்காரன் வேறொருத்தியைக் கட்டினான். தெசங்காவுக்கு நரை கண்டது. பதினேழாம் குளிர்காலத்தில் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்கி, முதல்முறையாகத் தடங்களைச் சரியாகப் பார்த்தாள். அவை எங்கும் போகவில்லை. ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு கால் இழுபட்டிருந்தது. அடுப்பில் ரொட்டி கருகும்வரை பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வூலே, கோதுமை வேகவை."

"யாருக்கு அண்ணி?"

"உங்கண்ணனுக்குத்தான். பதினேழு வருஷமா பனியிலயே நிக்க வச்சுட்டேன்டா. உக்காரக்கூட விடல."

தன் கையாலேயே கீழ்த்தட்டில் ஏற்றினாள். திரும்பிவந்தபோது பனி உருகியிருந்தது; தண்ணீர் உள்ளங்கைச் சூட்டில் இருந்தது. சின்ன ஈரத் தடங்கள் விளிம்பைத் தாண்டி, மேசையிலிருந்து இறங்கி, பிளம் மரம்வரை போயிருந்தன.

அந்த வருஷம் முதல் அந்த மரம் ஊர் மரங்களுக்கு மூன்று வாரம் முந்திப் பூக்கிறது. பூத்திருக்கும் நாட்களில் காலையில் அதிலிருந்து டிரம்பெட் கேட்கும்; அக்கம்பக்கத்தார் அதைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறார்கள்.

"அண்ணன் இன்னும் அந்த ரெண்டாவது சுரத்துல சுருதி இறங்கித்தான் ஊதுறான்" என்றான் வூலே.

"இறங்கட்டும்" என்றாள் தெசங்கா, பெட்டியை வெயிலில் திறந்து வைத்தபடி.

உங்கள் வீட்டிலும் காத்திருக்கிறவர்களுக்கு வருகிறவர்கள் வந்துசேரட்டும், கண்ணுகளா. வந்தவர் உட்கார ஒரு நாற்காலியும் ஒரு கிண்ணம் சூடான சூப்பும் என்றைக்கும் குறையாதிருக்கட்டும்.