ரேடியோவுக்கு ஒரு 'ம்'

நாத்தனாருக்கு வீட்டில் 'ரேடியோ' என்று பேர். வாக்கிடாக்கி வாங்குவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே வைத்த பேர் அது. அப்படிப்பட்டவள் கையில் நிஜமாகவே ஒரு வாக்கிடாக்கியைக் கொடுத்தால் சும்மா இருப்பாளா? இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தெருதான். பால் திரிந்தது முதல் பக்கத்து வீட்டுப் பூனை வரை அத்தனையும் அண்ணி காதுக்கு வந்துவிடும். தையல் மெஷினில் குனிந்திருக்கும் அண்ணி, அவள் பட்டனை விடும்போதெல்லாம் தன் பட்டனை அமுக்கி ஒரு 'ம்' கொட்டுவாள். பாதி கேட்டிருக்க மாட்டாள். ஆனாலும் 'ம்' தவறாது.

கடைசியில் கருவிக்கே பொறுக்கவில்லை. பட்டனை ரொம்ப நேரம் அமுக்கியே வைத்திருந்தால் 'பீப்' என்று கத்திவிட்டுத் தானாக நின்றுவிடும். "என் வாயை அடைக்குதுண்ணா இது!" என்று அவள் மூக்கைச் சிந்த, எலக்ட்ரீஷியனான அண்ணன் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தே விட்டான். தங்கச்சி கேட்டு அவன் எதைத்தான் மறுத்திருக்கிறான்!

அன்று நாலு பேருமாக ஆற்றங்கரைக்கு வந்திருந்தார்கள். வேனை மேட்டில் நிறுத்தியதும், நாத்தனாரும் அண்ணியின் மகள் சுண்டெலியும் வறண்ட ஆற்றின் நடுவே இருக்கும் பெரிய பாறைக்குக் கிளம்பினார்கள்.

"வாக்கிடாக்கியைப் பையில போடாதே, தோள்ல மாட்டிக்கோ" என்றான் அண்ணன்.

அண்ணிக்கு அடுப்பு பற்றாத எரிச்சல். "போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொன்னா போதும். வழி நெடுக உனக்கு 'ம்' கொட்ட என்னால ஆகாது!"

நாத்தனாரின் முகம் சுண்டிப்போயிற்று. கருவியைப் பைக்குள் திணித்துக்கொண்டு, சுண்டெலியின் கையைப் பிடித்து நடந்தாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று அண்ணிக்கு அப்போதே தோன்றியது. அடுப்புதான் முக்கியமாகப் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் அணைக் காவலாளி பைக்கில் அலறிக்கொண்டு வந்தார். "கீழ யாராச்சும் இருக்காங்களா? மதகு திறந்தாச்சு! தண்ணி வந்துக்கிட்டிருக்கு! சங்கு ஊதினது கேக்கலையா?"

எங்கே கேட்டது? அணைக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு மலையே இருக்கிறது. செல்போனிலோ டவரே இல்லை. "நீ கூப்பிட்டுக்கிட்டே இரு!" என்று கத்திவிட்டு அண்ணன் சரிவில் விழுந்தடித்து ஓடினான். அவன் ஆற்றைச் சேர்வதற்குள் தண்ணீர் வந்துவிடும் என்று காவலாளியின் முகமே சொல்லியது.

அண்ணி பட்டனை அமுக்கினாள். "மேல ஏறுங்க! தண்ணி வருது! கரைக்கு ஓடுங்க!"

பட்டனை விட்டதும் கருவியிலிருந்து மணல் நெரிபடும் சத்தம் வந்தது. சுண்டெலியின் சிரிப்பு. "அத்தை, இந்தக் கல்லைப் பாருங்களேன்!"

மறுபடி அமுக்கினாள், கத்தினாள், விட்டாள். மறுபடியும் அதே சிரிப்பு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பைக்குள் தண்ணீர் பாட்டிலோ எதுவோ அங்கே பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிறது. ஒரு கருவி பேசிக்கொண்டிருக்கும்வரை அதன் காதில் எதுவும் ஏறாது. தானாக நிறுத்தும் அந்த 'பீப்' இருந்திருந்தால் எப்போதோ நின்றிருக்கும். அதைத்தான் தங்கச்சிமேல் உள்ள பாசத்தில் பிடுங்கிப் போட்டாயிற்றே! பெற்ற மகள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது, ஒரு சொல்கூட அவளிடம் போய்ச் சேரவில்லை.

"அம்மாவைக் கூப்பிடலாமா அத்தை?"

"வேணாம்டா. நான் பேசினா உங்கம்மாவுக்குத் தொந்தரவு. பாறைக்குப் போய்ச் சேர்ந்துட்டுச் சொல்லுவோம்."

"ஐயோ, பாவி நான்!" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அத்தை, லாரி வருதா? சத்தம் கேக்குது."

"ஆத்துக்குள்ள ஏதுடா லாரி? நட."

காவலாளி கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி கருவியைக் காதோடு அழுத்தினாள். எடு, எடு, வெளியே எடு, என்று வாய் முணுமுணுத்தது.

காலடிச் சத்தம் நின்றது.

"என்ன அத்தை?"

"உங்கம்மா குரலே இல்லையேடா. இன்னும் போய்ச் சேரலையான்னு திட்டவாவது இந்நேரம் கூப்பிட்டிருப்பாங்களே. நான் எவ்ளோ அறுத்தாலும் 'ம்'னு ஒரு சத்தம் வரும். அது இல்லாம இருந்ததே இல்ல. ஏதோ சரியில்ல. இரு, எடுத்துப் பாக்கறேன்."

ஜிப் திறக்கும் சத்தம். பிறகு 'டிக்'. கருவி மௌனமாயிற்று.

"தண்ணி வருது! கரைக்கு ஓடு! பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடு!"

பதில் இல்லை. கீழே ஆற்றின் வளைவில் இரைச்சல் எழுந்து, பழுப்பு நிறத்தில் தண்ணீர் திரும்பியது. கரையை மரங்கள் மறைத்ததில் ஆள் யாரும் கண்ணில் படவில்லை. பாறை இருந்த இடத்தில் நுரைதான் இருந்தது. அண்ணி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

கருவி கரகரத்தது.

"அண்ணி... ஏறிட்டோம். கரையில இருக்கோம். சுண்டெலி என் மடியிலதான் இருக்கா. செருப்பு போயிடுச்சு, பை போயிடுச்சு. அண்ணன் அதோ ஓடி வராரு. அண்ணி, பாறை இருந்துச்சே, அது இப்ப இல்லவே இல்ல..."

நிறுத்தாமல் அழுதாள், நிறுத்தாமல் பேசினாள். எந்தப் 'பீப்'பும் குறுக்கே வரவில்லை. ஒரு சொல்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்த அண்ணி, அவள் பட்டனை விட்டதும் தன் பட்டனை அமுக்கினாள்.

"ம்" என்றாள். "இன்னும் பேசு."