பிஸ்கட் டின்னும் பழைய நோட்டும்

அறுபத்தேழு நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேடியோவில் சொன்னதாகப் புருஷன் தேவதாஸ் வந்து சொன்னபோதே சிவக்கொழுந்து உஷாராகிவிட்டாள். வெள்ளைக்காரன் காலத்துப் பழைய நோட்டில் ஒரு வெள்ளி இனி எண்பத்தைந்து காசுதானாம்.

"வச்சிருந்தா எடுத்துக் குடு. நாளைக்கே பேங்க்ல மாத்திரலாம்."

வைத்திருந்தாள்தான். சீட்டாடப் போகும் புருஷனுக்குத் தெரியாமல் பிஸ்கட் டின்னில் சேர்த்தது. அதைக் கறக்க இந்த மனுஷன் கவர்மெண்டையே துணைக்கு இழுக்கிறானே என்று நினைத்தாள்.

"எங்கிட்ட ஏது?" என்றாள்.

அவன் குளிக்கப் போனதும் டின்னைத் திறந்தாள். ஒரு நோட்டும் குறையவில்லை. பத்து வெள்ளியை மட்டும் உருவிக்கொண்டு, காஜா பெராங் ரோட்டு முனையிலிருந்த உமர் நானா கடைக்கு நடந்தாள்.

"இதுக்கு எட்டரை வெள்ளி சாமான்தான் தரமுடியும்மா," என்றார் நானா.

"அவரு உங்ககிட்டயும் சொல்லி வச்சிட்டாரா?"

நானா சிரிக்கவில்லை. "பழைய நோட்டை இங்கிலாந்து பவுண்டோட கட்டி வச்சிருந்தாங்க. அங்க பவுண்டு மதிப்பைக் குறைச்சாங்க, இதுவும் கூடவே எறங்கிருச்சு. என் கல்லாவுலயும் போச்சு லா. புது நோட்டுக்கு ஒண்ணும் ஆகல."

ஜூனில் புது நோட்டு வந்தபோது அதை நம்பாமல், கைக்கு வந்ததையெல்லாம் இதே கடையில் கொடுத்துப் பழையதாக மாற்றிக்கொண்டவள் அவள்தான்.

வேறு வழியில்லை. வீட்டுக்கு வந்து டின்னைப் புருஷன் முன்னால் வைத்தாள்.

தேவதாஸ் நோட்டுகளைப் புரட்டினான். பிறகு மெதுவாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அஞ்சு மாசமா நான் சம்பளத்துல குடுத்ததெல்லாம் புது நோட்டாச்சே. அத யாருகிட்ட குடுத்த?"