இடது பக்கத்து ஒட்டு

1.
ஒரு சத்தம் நின்றுபோனதால் இந்தக் கதையை எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ஜம்ரியின் கார் எங்கள் தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் 'டொக்' என்று இடிக்கும். செவ்வாய்க்கிழமையிலிருந்து இடிப்பதில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

காரணத்தை ஜம்ரியே என்னிடம் சொன்னான். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்கும் வாங்கிக்கொண்டான். கதையாக எழுதினால் சொன்னதாகாது என்று நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். மானம் கெட்ட சமாதானம்தான்.

2.
முதல் தொடக்கம்: 'எங்கள் ஊர் சுங்கை பட்டாணியின் மழைக்கால வானம் அன்று

வேண்டாம். வானம் என்ன செய்தது?

இரண்டாவது தொடக்கம்: ஜம்ரி இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரிலும் செய்து பிழைப்பவன். தன் பழைய காரின் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை அறுத்தெறிந்து, வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினான். வண்டி இறங்கிவிட்டது. உள்ளே குலுக்கலைத் தாங்கும் அப்சோபர் மட்டும் பழைய நீளத்திலேயே நின்றது. பள்ளத்தில் விழுந்தால் அதன் தண்டு அடிவரை போய் முட்டும். அதுதான் அந்த டொக்.

அவன் மனைவி ரோஹாயா ஒரு நாள் என் முன்னாலேயே கேட்டாள்: "கார் தரையைத் தேய்ச்சிட்டுப் போகுது, இவரு மூக்கு மட்டும் மேல போகுது. ஒரு நாளைக்கு என் இடுப்பு கழண்டுதான் விழப்போகுது, பாருங்க சிக்கு."

(பள்ளியில் வாத்தியாராக இருந்தவன் என்பதால் தெருவில் எல்லோருக்கும் நான் சிக்கு.)

அதனால் ஜம்ரி அப்சோபரின் குழாயில் நாலு சென்டிமீட்டரை அறுத்தெடுத்து, மறுபடி வெல்டிங் வைத்து ஒட்டி, உள்ளே குட்டையான தண்டைப் போட்டான். தெரிந்தவர் கையில் அது நல்ல வேலை. ஆனால் முன் சக்கரம் நேராக நிற்பதே அந்தக் குழாயை நம்பித்தான்.

3.
செவ்வாய்க்கிழமை சாயங்காலம், என் வீட்டு வாசலில், அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது:

"வலது பக்கம் நல்லா பிடிச்சிருச்சு சிக்கு. இடதுதான்... பாதியிலேயே வெல்டிங் கேஸ் தீர்ந்துபோச்சு லா. ஒட்டுல சின்னச் சின்ன ஓட்டை விழுந்திருச்சு."

"அப்புறம்?"

"தேய்ச்சு பெயிண்ட் அடிச்சுட்டேன். பாத்தா தெரியாது."

"தெரியாதுங்கிறதுதானே பயம். அறுத்துட்டு மறுபடி ஒட்டேன்."

"இன்னொரு தடவை அறுத்தா நீளம் பத்தாது. வேற குழாய் கிடைக்க ஒரு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை கிளந்தான் போகணும், அவ தங்கச்சி கல்யாணம். பஸ்ல போய் இறங்கினா மச்சானுங்க சிரிப்பானுங்க." பிறகு என் கையைப் பிடித்தான். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, முக்கியமா ரோஹாயாகிட்ட."

இந்த இடத்தில் அவனை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் பெல்ட் மாட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன் அவன். பெல்ட்டை மூன்று தடவை பார்க்கிறவன், ஒட்டை ஏன்

தெரியவில்லை. ஒருவேளை பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால் இருக்கலாம்.

4.
இந்தப் பகுதியை நான்கு முறை எழுதிவிட்டேன்.

நேற்று ரோஹாயா ஒரு தட்டு குய் பலகாரத்தோடு வந்தாள். "சிக்கு, சத்தமே இல்ல. நல்லாதான் செஞ்சிருக்காரா? உங்ககிட்டதானே எல்லாத்தையும் சொல்வாரு."

முதல் மூன்று பிரதிகளில் என் பாத்திரம் வாயைத் திறந்து உண்மையைச் சொல்கிறது. ரோஹாயா சாவியைப் பிடுங்கிக்கொள்கிறாள். அருமையான காட்சி.

நான்காவது பிரதிதான் நிஜமாக நடந்தது. "கைகாரனாச்சே அவன்," என்று சிரித்தேன். அவள் நிம்மதியாகப் போனாள். அந்தக் குய்யை என்னால் தின்ன முடியவில்லை.

5.
முடிவு ஒன்று: ஒட்டு தாங்குகிறது. திங்கட்கிழமை கல்யாணச் சோறும் கிளந்தான் மீன்வறுவலுமாகத் திரும்பி வருகிறார்கள். நான் வெட்கப்பட்டுச் சிரிக்கிறேன். நடக்கக்கூடியதுதான். இப்படி ஓட்டி ஒன்றும் ஆகாமல் இருக்கிறவர்கள் இந்த ஊரிலேயே இருக்கலாம்.

முடிவு இரண்டு: கிளந்தானுக்குப் போகும் கிரிக் மலைப்பாதை. நாலு பேர், பின்னால் கல்யாணத்துச் சாமான். இடதுபுறம் பள்ளமுள்ள ஒரு வளைவில்

எழுத மாட்டேன். அதை எழுத ஒரு வாக்கியம் போதும் என்பதே எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

முடிவு மூன்று: போகும் வழியில் ஜம்ரிக்கே மனசு கேட்காமல் பாலிங்கில் வண்டியை நிறுத்திவிடுகிறான். இது என் வேலையை அவன் தலையில் கட்டும் முடிவு. படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். அதனாலேயே நேற்று ராத்திரி இதைத்தான் முடிவாக வைத்திருந்தேன்.

6.
வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணி.

ஜன்னல் வழியாகத் தெரிகிறது. ஜம்ரி பெட்டிகளை அடுக்குகிறான். சின்னவள் முன் சீட்டுக்கு அடம் பிடிக்கிறாள். ரோஹாயா, "இடது பக்கம் உனக்கு, அழாத," என்கிறாள்.

எந்த முடிவை நீங்கள் தேர்ந்தெடுத்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் மூன்றிலும் நான் இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், கவனித்தீர்களா? ஒரு வாக்கியத்தைத் திருத்திக்கொண்டு.

எஞ்சின் கிளம்பிவிட்டது. பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். செருப்பைத் தேட நேரமில்லை. ரோஹாயா கண்ணாடியை ஏற்றுவதற்குள் போய்ச் சொல்லிவிட வேண்டும். ஜம்ரி இனி ஆயுசுக்கும் என் முகத்தில் விழிக்க