தொட்டியிலிருந்து வடக்கே ஆறடி

மேட்டுத்தாங்கல் பேரூராட்சி அலுவலகத்தில் சாலைப் பிரிவுக்கும் இணையப் பிரிவுக்கும் நடுவில் ஒரு பீரோவும் ஒரு தண்ணீர் கேனும்தான் இருந்தன. கதிரேசன் கையை நீட்டினால் சாலைப் பிரிவு ஹரிபிரசாத்தின் பேனாவையே எடுத்துவிடலாம். ஆனால் அவன் எழுதிய மனு அந்தப் பக்கம் போய்ச் சேர ஒன்பது நாள் பிடித்தது. தபால் பிரிவு வழியாகத்தான் வர வேண்டும் என்று ஹரிபிரசாத் சொல்லிவிட்டார்.

"சார், நீங்களும் இங்கதான் உக்காந்திருக்கீங்க. நானும் இங்கதான் உக்காந்திருக்கேன்."

"அதனாலதான் சார் சொல்றேன். நாளைக்கு ஆடிட்ல, பக்கத்து சீட்டுன்னு கைக்குக் கை வாங்கினியான்னு என்னைத்தான் கேப்பாங்க."

பெரிய கம்பெனிகள் எல்லாம் இரும்புலியூரோடு கேபிளை நிறுத்திக்கொண்டு, உங்கள் ஊரில் வீடு கம்மி என்று கையை விரித்துவிட்டன. அந்த ரோஷத்தில் மூன்று வருடத்துக்கு முன் பேரூராட்சியே சொந்தமாக லைன் இழுத்தது. தெருவிளக்கு, குடிநீர், குப்பை வண்டி, அதோடு இன்டர்நெட்டும் போனும். கதிரேசன் அதற்கு மேற்பார்வையாளன். நன்றாகத்தான் ஓடியது. இப்போது குளக்கரை மூன்றாம் தெருவில் நாற்பத்தொரு வீட்டுக்குப் பன்னிரண்டு நாளாக லைன் இல்லை. கேபிள்களை ஒட்டி வைக்கும் சிமென்ட் குழி ஒன்று அந்தத் தெருவில் இருக்கிறது. சேம்பர் என்பார்கள். அதற்குள் ஒட்டு விட்டுப்போயிருந்தது. திறந்து ஒட்டினால் ஒரு மணி நேர வேலை. திறக்கத்தான் முடியவில்லை. போன மாதம் இதே பேரூராட்சி அந்தத் தெருவில் புதிதாகக் கான்கிரீட் ரோடு போட்டு எல்லாவற்றையும் மூடிவிட்டது.

ரோட்டை வெட்ட அனுமதிப் படிவம் இருந்தது. வெட்டும் நிறுவனத்தின் பெயர்: மேட்டுத்தாங்கல் பேரூராட்சி. அனுமதி அளிப்பவர்: மேட்டுத்தாங்கல் பேரூராட்சி. பொதுமக்களுக்கு இடைஞ்சல் ஏற்பட்டால் பொறுப்பு: மறுபடியும் அதேதான். மூன்று இடத்திலும் ஒரே பெயரை எழுதும்போது கதிரேசனுக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

அந்தத் தெருவில் நாற்பது வீடும் திட்டிவிட்டு செல்போன் டேட்டாவில் சமாளித்தன. ஷீலாவால் முடியவில்லை. இன்ஷூரன்ஸ் மனுக்களைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு, வீட்டிலிருந்தே. செல்போன் சிக்னலில் அந்த சாஃப்ட்வேர் திறக்காது. அவளுடைய அம்மா ஞானம்மாளுக்கு இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அதிலிருந்து சக்கர நாற்காலிதான். வீட்டில் வேறு ஆள் கிடையாது. திங்கட்கிழமைக்குள் லைன் வராவிட்டால் பெருங்குடி ஆபீசுக்கு நேரில் வர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

"அண்ணா, காலையில ஏழு மணிக்குக் கிளம்பினா ராத்திரி எட்டாயிடும். அதுவரைக்கும் அம்மாவ யாரு பாத்ரூம் கூட்டிட்டுப் போவாங்க?" என்று தினமும் போனில் கேட்டாள். குரலை உயர்த்தாமல் கேட்பாள். அதுதான் கதிரேசனுக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அனுமதி வந்தது. ஒரு சதுர மீட்டர். ஒரே ஓர் இடம்.

"ரெண்டு இடமாப் போட்டுக் குடுங்க சார். ஒட்டு விட்ட இடம் எவ்ளோ தூரம்னு மெஷின் காட்டும், ஆனா கேபிள சுருட்டிச் சுருட்டி வெச்சிருக்கோம். நாலு வீட்டு நீளத்துக்கு முன்னப் பின்ன வரும்."

"ரோடு போட்டு முப்பது நாள்கூட ஆகல. ரெண்டு வருஷம் கான்ட்ராக்டர் பொறுப்பு. நாம கை வெச்சதைக் காட்டியே அவன் கழண்டுக்குவான். மேப்பு உங்களுது தானே? மேப்பைப் பாத்து வெட்டுங்க."

மேப் கதிரேசனுடையதுதான். ஊரில் உள்ள முப்பத்தெட்டு சேம்பரையும் அவனே நடந்து, டேப் பிடித்து, கைப்பட எழுதியது. மரத்தை வைத்து அளந்தால் வெட்டிவிடுவார்கள், கடையை வைத்து அளந்தால் காலி செய்துவிடுவார்கள் என்று, தெருத் தெருவாகப் பேரூராட்சி வைத்திருந்த கறுப்பு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகளை வைத்து அளந்திருந்தான். ஆபீசுக்குத் தெரியாமல் ஒரு தொட்டி அசையாது. அந்த யோசனை வந்த அன்று தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டவன் அவன். குளக்கரை மூன்றாம் தெரு: தொட்டியிலிருந்து வடக்கே ஆறடி.

தொட்டி தெரு முனையில், பொன்னுரங்கம் வீட்டு மதிலை ஒட்டி நின்றது. பொன்னுரங்கம் அந்த ஊரின் பழைய நிலக்காரர். அந்தத் தெருவே ஒரு காலத்தில் அவருடைய நெல் வயல். மெஷின் காட்டிய தூரத்துக்கு அந்த முனை கொஞ்சம் அதிகமாகப் பட்டதால், கதிரேசன் ஒரு வார்த்தை கேட்டுவைத்தான்.

"இந்தத் தொட்டி எப்பவும் இங்கதானே சார்?"

"எப்பவுமாவா? வருஷக்கணக்கா என் தலையிலதான் கீது. கொடம் வெக்கிறேன்னு வந்து என் வூட்டு வாசல சேறாக்கிகினு. எத்தினி தபா மனு குடுத்துக்கீறேன், எவன்னா எடுத்தானா?"

அது போதும் என்று நினைத்தான். மேப்பும் சொல்கிறது, ஊர்ப் பெரிய மனிதரும் சொல்கிறார். கேபிள் ஒட்டும் பிரிட்டோவிடம் கோடு போட்டுக் காட்டினான். கான்கிரீட் உடைக்கும் மெஷின் இரண்டு மணி நேரம் காதைக் கிழித்தது. எட்டு அங்குலக் கான்கிரீட்டுக்குக் கீழே ஜல்லி, ஜல்லிக்குக் கீழே மணல். வேறு ஒன்றும் இல்லை.

பிரிட்டோ கடப்பாரையை நாலு பக்கமும் குத்திப் பார்த்தான். "ஒண்ணுங் கிடையாதுண்ணா. சுத்த மணலு."

கதிரேசன் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். இருந்த ஒரே அனுமதியும் போச்சு. இன்னொன்று வேண்டுமென்றால் இன்னொரு ஒன்பது நாள். யாரையாவது நாலு வார்த்தை திட்ட வேண்டும்போல் இருந்தது, ஆள்தான் கிடைக்கவில்லை.

மெஷின் சத்தம் நின்றதும் ஷீலா வந்தாள். பள்ளத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்.

"இங்க ஏண்ணா தோண்டுறீங்க?"

"மேப்ல தொட்டிதாம்மா கணக்கு."

"தொட்டி முந்தி எங்க வீட்டு கேட் பக்கத்துல இல்ல இருந்துச்சு? அம்மா சேர் சேத்துல மாட்டுதுன்னு ஜனவரியில லெட்டர் கொண்டுவந்தேனே. நீங்கதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க? பத்து நிமிஷத்துல."

கதிரேசனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. குடிநீர்ப் பிரிவு மேற்பார்வையாளர் லீவில் போனதால் நாலு மாதம் அந்த நாற்காலியையும் அவன்தான் பார்த்துக்கொண்டான். பாவம், கஷ்டப்படுகிற பெண் என்று நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டான். மத்தியானமே தொட்டி நகர்ந்தது. அந்த ஆபீசில் பத்து நிமிடத்தில் நடந்த ஒரே வேலை அது. மேப்பைத் திருத்தத்தான் தோன்றவில்லை. பொன்னுரங்கத்தின் வருஷக்கணக்கு வெறும் ஏழு மாதம். திட்டுவதற்கு ஆள் கிடைத்துவிட்டது, ஆனால் திட்ட வாய் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஷீலா வீட்டு கேட் முன்னால் போய் நின்றார்கள். பழைய இடத்திலிருந்து வடக்கே ஆறடி அளந்தால், டேப் அவள் வீட்டுச் சாய்தளத்தின் நட்டநடுவில் போய் விழுந்தது. ரோடு ஓரடி உயர்ந்துவிட்டதால் சக்கர நாற்காலியை ஏற்றி இறக்க மூன்று வாரத்துக்கு முன்தான் சிமென்ட்டில் கட்டியிருந்தாள்.

"மேஸ்திரி சொன்னாருண்ணா, அடியில ஏதோ பழைய மூடி ஒண்ணு இருக்குன்னு. தொட்டியோடதுன்னு நெனச்சு அது மேலயே போடச் சொல்லிட்டேன்."

கதிரேசன் போனை எடுத்தான். இரண்டாவது அனுமதிக்கு யாரிடமிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தான். ஷீலா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இது ரோடு இல்லையே."

"இல்லம்மா. உங்க ரேம்ப்."

"அப்ப இத ஒடைக்க யாரு பர்மிஷன் குடுக்கணும்?"

வாசலில் நாற்காலியில் இருந்த ஞானம்மாள், இழுத்துக்கொண்ட வாயால் மெதுவாகப் பதில் சொன்னாள். "நான் குடுக்கணும். ஒடைங்கப்பா."

பிரிட்டோ உடைத்தான். சாய்தளத்தின் பாரத்தில் சேம்பரின் மூடி இரண்டாகப் பிளந்து ஒட்டுப் பெட்டியின் மேலேயே விழுந்திருந்தது. மாலை ஐந்தரைக்கு நாற்பத்தொரு வீட்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. திங்கட்கிழமை ஷீலா தன் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தாள், அம்மா பக்கத்து அறையில் இருந்தாள். அந்த மட்டில் நிம்மதி.

ஆனால் சாய்தளத்தை மறுபடி கட்ட முடியவில்லை. பாரம் தாங்குகிற இரும்பு மூடி போடாமல் கட்டினால் மறுபடியும் இதே கதைதான். மூடி ஆபீஸ் ஸ்டோரில் எட்டு கிடந்தது. கதிரேசன் மனு எழுதினான், தபால் பிரிவு வழியாகவே அனுப்பினான். ஹரிபிரசாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சேம்பர் நம்மது, சரி. மேல இருக்கிற ரேம்ப் ஆக்கிரமிப்பு ஆச்சே சார். ஆக்கிரமிப்புக்கு அடியில மூடின்னு எந்தத் தலைப்புல எஸ்டிமேட் போடுறது?"

அன்று சாயங்காலம் கதிரேசன் தொட்டி மாற்றிய ஃபைலை எடுத்து மேப்போடு ஒத்துப் பார்த்தான். முப்பத்தெட்டு இடத்தில் பதினொன்றில் தொட்டி இடம் மாறியிருந்தது. பதினொன்றிலும் அவன் கையெழுத்துதான்.

குழியின் மேல் பலகை போட்டுப் பார்த்தார்கள், சக்கரம் வழுக்கியது. அதனால் ஞாயிறு காலை ஏழேகாலுக்குக் கதிரேசனும் பிரிட்டோவும் வந்துவிடுகிறார்கள். ஆளுக்கொரு பக்கமாக நாற்காலியைப் பிடித்து, ஞானம்மாளைக் குழிக்கு மேலாகத் தூக்கி ரோட்டில் வைக்கிறார்கள். ஷீலா சர்ச்சுக்குத் தள்ளிக்கொண்டு போகிறாள். ஒன்பது மணிக்கு அதே மாதிரி உள்ளே.

நாலாவது ஞாயிறு, நாற்காலி அந்தரத்தில் இருக்கும்போது ஞானம்மாள் கேட்டாள்.

"அந்த மூடி மனு இப்ப எங்க இருக்கு, கதிரேசா?"

"பீரோவுக்கு அந்தப் பக்கம் இருக்கும்மா."

"தூரந்தான்" என்றாள் ஞானம்மாள்.